மாரிகுப்பத்துக் குரல்

ஐந்தாவது வரை படித்தேன். அப்பா கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்து நெஞ்சில் தூசி ஏறிப் படுத்தவர். ஷாஃப்டில் இறங்காதே என்றார். பட்டாளத்துக்குப் போனேன். பீரங்கிப் படையில் வயர்லெஸ் கொடுத்தார்கள். அதிகம் பேசாதவனுக்குப் பேசுகிற வேலை.

பேச்சு என்றால் சில சொற்கள்தான். எழுபத்தொன்றில் சண்டை வந்தபோது, அதிகாரியோடு முன்னால் ஒரு பள்ளத்தில் இருந்தேன். பீரங்கிகள் வெகு தூரம் பின்னால். குண்டு எங்கள் தலைக்கு மேலே போகும். நம் விமானமும் அதே வானத்தில்தான் வரும். இரண்டும் சந்திக்கக் கூடாது. விமானம் வருகிறது என்று தகவல் வந்ததும் அதிகாரி கையை உயரத் தூக்குவார். பீரங்கிக்காரர்கள் எல்லாருக்கும் அந்தச் சைகை தெரியும். நான் 'ஸ்டாப்' என்பேன். பீரங்கிப் பக்கத்து ஆள் 'ஸ்டாப்' என்று திருப்பிச் சொல்வான். திருப்பிச் சொன்னால்தான் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். விமானம் கடந்ததும் 'கோ ஆன்' என்பேன். அவனும் 'கோ ஆன்' என்பான். மறுபடி சுடுவார்கள்.

பெயர், ஊர் எதுவும் சொல்லக் கூடாது. பள்ளத்தில் மற்றவர்கள் இந்தியில் பேசிக்கொள்வார்கள். எனக்கென்று வருவது அந்தக் குரல் மட்டும்.

ஒரு சாயங்காலம் பக்கத்தில் குண்டு விழுந்து தரை ஆடியது. "ஏர் பிளாஸ்ட்டுடா" என்று வாயில் வந்துவிட்டது. சுரங்கத்துக்குள் பாறை வெடித்து, மேலே வீட்டில் பாத்திரம் உருளும்போது எங்கள் ஊரில் சொல்வது அது. பேசுகிற பொத்தானில் இருந்து விரலை அப்போதுதான் எடுத்தேன்; சொன்னது அங்கேயும் போயிருந்தது.

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு அவன் கேட்டான்.

"நீ கோலார்காரனாபா?"

"ஸ்கெலட்டன்," என்று எங்கள் குடியிருப்பின் பெயரைச் சொன்னேன்.

"நான் மாரிகுப்பம். லீவுல வூட்டுக்கு வா."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். அழுத்தப் போன பொத்தானை விட்டுவிட்டேன்.

அப்புறம் ஒரு காலை. 'ஸ்டாப்' சொன்னேன், திருப்பிச் சொன்னான். விமானம் போனது. 'கோ ஆன்' சொன்னேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். ரொம்ப நேரம் கழித்து வேறொரு குரல் சொன்னது. அங்கே குண்டு விழுந்ததாகப் பிறகு பேசிக்கொண்டார்கள். அவன் இருக்கிறானா என்று யாரைக் கேட்பது? பெயர் தெரியாது, முகம் தெரியாது.

சில வருஷத்தில் ஊருக்கு வந்தேன். அப்பா, அம்மா இல்லை. கல்யாணம் அமையவில்லை. வாட்ச்மேன் வேலை. லீவு நாளில் மாரிகுப்பம் போய், ஷிஃப்ட் விடும் நேரத்தில் சுரங்கத்து கேட் ஓரம் நிற்பேன். ஆட்கள் பேசிக்கொண்டு வருவார்கள். முகத்தைப் பார்க்க மாட்டேன், காதைத்தான் கொடுப்பேன். என் சட்டையைப் பார்த்து, "இன்னா மிலிட்டரி, பொண்ணு பாக்க வந்தியா?" என்று ஒருவன் கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பிலும் அவன் இல்லை.

கடைசியில் கேட்டது கிருஷ்ணாயில் கியூவில். எனக்கு முன்னால் ஒருவன், கியூவே திரும்பும்படி சத்தமாகப் பேசினான். அதே குரல். தோளைத் தொட்டேன். திரும்பினான். "கோ ஆன்" என்றேன். என் வாயையே பார்த்தான்.

"பீரங்கிச் சத்தத்துல காது போயிடுச்சுங்க," என்றாள் பக்கத்தில் இருந்த அவன் மனைவி. "கத்துனாலும் கேக்காது."

என்னை அவனுக்குத் தெரிந்தது குரலால் மட்டும்தான். அது அவனுக்கு இனி இல்லை.  பிறகு கையை உயரத் தூக்கினேன்.

அவன் டின்னைக் கீழே வைத்தான். "ஸ்டாப்" என்றான். என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஸ்கெலட்டனா?"

தலையாட்டினேன்.

"யோவ், கிருஷ்ணாயில் தீந்துடும், நகருங்க," என்றார்கள் பின்னால்.

இப்போது லீவு நாளில் அவன் வீட்டுக்குப் போகிறேன். அவன் பேசுவான், நான் கேட்பேன். பள்ளத்தில் என் குரல் எப்படி இருந்தது என்று மனைவியிடம் சொல்வான். கணீரென்று இருக்குமாம், பயமே இருக்காதாம். அவள் என்னைப் பார்ப்பாள். அந்த நேரத்தில் நான் வாய் திறப்பதில்லை.