துப்பாக்கி இல்லாமல் கரடிக் காட்டில் மூன்று நாள்

செப்டம்பர் முதல் வாரம் எங்கள் மாகாணத்து அல்கோன்குயின் பூங்காக் காட்டுக்குள் போய்வந்தோம். நுளம்புக்கடி குறைந்திருக்கும், கூடாரம் போட இடமும் சுலபமாகக் கிடைக்கும். வாகனம் போகாத உட்காட்டில் மூன்று நாள், கனூ என்ற துடுப்புப் படகிலும் நடையிலும். கூட வந்தவர் டெக்சாஸில் இருக்கும் என் அண்ணா. பல வருடமாகத் தள்ளிப்போட்ட பயணம் இது.

அண்ணா அங்கே மலையேறும்போது இடுப்பில் ரிவோல்வர் கட்டுகிறவர். விமானம் ஏறுமுன் போனில் அதைத்தான் கேட்டார்.

"கரடிக்குப் பெரிய குண்டு போடுறது வேணும். கொண்டுவரட்டோ, அங்க வாங்கலாமோ?"

"ரெண்டும் ஏலாது அண்ணா. இஞ்ச காட்டுக்குப் போறதுக்கெண்டு பிஸ்டல் கொண்டுபோக விடமாட்டாங்கள். கரடி ஸ்பிறேதான்."

"மிளகாய்த் தண்ணியை நம்பி உன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுறியோ?"

என்றாலும் வந்தார். ஒஷாவாவில் ஒரு கடையில் ஸ்பிறே வாங்கினோம். வரியோடு அறுபது டொலருக்குக் கிட்ட. காரமில்லாத பயிற்சி ஸ்பிறே ஒன்றும் எடுத்தோம். வோபர்னில் எங்கள் வீட்டுப் பின்வளவில் பழகினோம். பெருவிரலால் பூட்டைக் கழற்றி அழுத்த வேண்டும், அவ்வளவுதான். அண்ணாவால் முடியவில்லை. திரும்பத் திரும்ப முயன்றார். வலது கை நடுங்கியது. பயணக் களைப்பு என்று நினைத்தேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கொஞ்ச மாசமா இப்பிடித்தான். பார்க்கின்சன் எண்டு டொக்டர் சொல்லுறார். உன்ர அண்ணிக்கும் சொல்லேல்லை."

"அப்ப ரிவோல்வரை எப்பிடிப் பிடிக்கிறனீங்கள்?"

"பிடிக்கிறேல்லை. கட்டிக்கொண்டு மட்டும் போறன்."

ஸ்பிறே உறையை வலது இடுப்பிலிருந்து கழற்றி அவருடைய இடதுபக்கம் மாட்டிவிட்டேன். இருட்டும் வரை இடது கையால் பழகினார்.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டால் நெரிசல் இல்லை. ஹன்ட்ஸ்வில் வழியாக மூன்றரை மணித்தியாலம். முதல் நாள் ஏரியில் எங்கள் துடுப்புச் சத்தம் மட்டும்தான்.

இரண்டாம் நாள் காலை, இரண்டு ஏரிகளுக்கு நடுவே சுமை தூக்கி நடக்கும் பாதையில், ஒரு வளைவு திரும்பியதும் கறுப்புக் கரடி. இருபது மீற்றர் இருக்கும். பழப் பற்றைக்குள்ளிருந்து தலையை நிமிர்த்தியது. அண்ணா எனக்கு முன்னால் வந்து நின்றார். இடது கையில் ஸ்பிறே, பூட்டுக் கழன்றிருந்தது.

"நீ தின். நாங்கள் போறம்," என்று சத்தமாக, நிதானமாகச் சொன்னார். காற்று எங்கள் முகத்தில் அடித்தது. அப்போது அழுத்தியிருந்தால் காரம் எங்களுக்குத்தான். முதுகைக் காட்டாமல், ஓடாமல், பக்கவாட்டில் நகர்ந்தோம். கரடி ஒருமுறை மோப்பம் பிடித்தது. பிறகு மரங்களுக்குள் போய்விட்டது.

இரண்டு பேரும் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

"ரிவோல்வர் இருந்திருந்தா?" என்று கேட்டேன்.

"எடுத்திருப்பன். ஆரில பட்டிருக்குமோ தெரியாது."

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். விமானத்தில் ஸ்பிறே கொண்டுவர முடியாது, இங்கேதான் வாங்க வேண்டும். பைக்குள் வைத்தால் பிரயோசனமில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். கரடி ஏழெட்டு மீற்றருக்குள் வந்தால்தான் வேலை செய்யும், காற்றையும் பாருங்கள். வீட்டில் பழகாமல் போகாதீர்கள். உங்களோடு வருகிறவரும் உங்கள் கண் முன்னால் பழகட்டும்.

திரும்பி வரும்போது ஹன்ட்ஸ்வில் தாண்டி போனுக்குச் சிக்னல் வந்தது. அண்ணா காரை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அண்ணிக்குப் போன் அடித்தார்.

"ஓம், சுகமா வந்திட்டம். கரடி ஒண்டும் செய்யேல்லை. நீர் இப்ப எங்க நிக்கிறீர்? ஒருக்கா இரும், ஒரு விசயம் சொல்லவேணும்."

நான் கதவைத் திறந்து இறங்கி, கொஞ்சத் தூரம் நடந்தேன்.