கவுன்சிலர் ஐயாவுக்கு ஒரு மனு

காலை எட்டு இருபதுக்கு என் மகள் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்தாள். அடுப்பை அணைக்கும்போது கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நேரம் தெரியும். சில நிமிடத்தில் தெருமுனை மளிகைக்கடை பாய் வாசலில் வந்து நின்றார். "அக்கா, பாப்பா பாலத்துலேர்ந்து விழுந்துடுச்சு. தூக்கிட்டோம். பயப்படாதீங்க."

தஞ்சாவூரை ஒட்டிய பேரூராட்சி எங்களுடையது. எங்கள் தெரு வாய்க்காலில் போய் முடியும். அதன் மேல் ஒரு சிறிய பாலம். தாண்டினால் வயல், வயலைத் தாண்டினால் பள்ளிக்கூடம். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்த நேரம், வாய்க்கால் கரை தொட்டு ஓடியது. எதிரே குட்டியானை லோடு வண்டி வர, அவள் ஓரம் ஒதுங்கியிருக்கிறாள். ஒதுங்க ஓரம் இல்லை. பாலத்தின் இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவர்களையும் போன தை அறுவடையின்போதே இடித்துவிட்டார்கள். இடது மணிக்கட்டு முறிந்தது. தண்ணீர் நிறையக் குடித்திருந்தாள். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, மருத்துவமனையில் என் புடவையைப் பிடித்த பிடியை விடவில்லை.

சுவரைத் திரும்பக் கட்டச் சொல்லித் தெருக்காரர்கள் மனு கொடுப்பதென்று முடிவாயிற்று. எம்.ஏ. படித்தவள், கையெழுத்து நன்றாயிருக்கும் என்று என்னையே எழுதச் சொன்னார்கள். எழுதினேன். பாயும் நானும் கவுன்சிலர் வீட்டுக்குப் போனோம்.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. ஜெயித்தவர் மனைவி, ஆனால் ஊரில் கவுன்சிலர் என்றால் அவருடைய கணவர்தான். முன்கூடத்தில் அவரைச் சுற்றி எப்போதும் நாற்காலிகள் நிரம்பியிருக்கும். கோயில் திருவிழாக் கமிட்டிக்குத் தெருவிளக்கு, ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்களுக்கு நிழற்கூரை. வந்தவர்கள் முதலில் சால்வை போர்த்துவார்கள், பிறகு பேசுவார்கள். நாங்களும் ஒரு சால்வை வாங்கிப் போயிருந்தோம். உள்ளேயிருந்து ஓர் அம்மா எல்லோருக்கும் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்.

"செஞ்சிடலாம்" என்றார் கணவர்.

இரண்டாம் முறையும் செஞ்சிடலாம். மூன்றாம் முறையும் அதுவே. இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு கதவைத் தட்டியிருப்போம். இந்தச் சொல்லோ எங்களை அடுத்த வாரம் வரைக்கும் வீட்டில் உட்கார வைத்தது.

நான்காம் முறை போனபோது விவசாயிகள் சங்கத் தலைவர் எங்களுக்கு முன்பே உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா. உன்னைப் பத்திதான் பேசிட்டிருந்தோம். சுவர் கட்டினா அறுக்கற மெஷின் எப்படிம்மா போகும்? குறுவை தலை சாஞ்சு நிக்குது. நீங்கள்லாம் சோறு திங்கறதில்லையா?" என்றார் தலைவர்.

"திங்கறோம்ணே" என்றார் பாய். "திங்கறதுக்குப் புள்ளைங்களும் இருக்கணும்ல."

"உன் கடையில எங்க அரிசியா விக்கிற? கர்நாடகாப் பொன்னிய மூட்டை மூட்டையா எறக்கிட்டு நியாயம் பேச வந்துட்டே."

கணவர் சிரித்துக்கொண்டே ஒரு ஃபைலைத் திறந்து ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதைப் பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர்." நான் டீச்சர் இல்லை. கொஞ்சம் படித்த பெண் என்றால் இங்கே டீச்சர்தான்.

அறுவடை இயந்திரம் போக இடைஞ்சலாக இருக்கும் பாலத்துச் சுவர்களை இடித்துத் தரும்படி, தை மாதம் விவசாயிகள் சங்கம் கொடுத்த மனு. கீழே ஏழாவது கையெழுத்து என்னுடையது. எட்டாவது பாயுடையது.

என் இனிஷியலில் மை கலைந்திருந்தது. உடனே ஞாபகம் வந்தது. துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கேட்டில் யாரோ மூடியைக் கழற்றிய பேனாவை நீட்டினார்கள். ஈரக்கையோடு போட்டேன். எங்கள் தெருவில் மனு வந்தால் கையெழுத்துப் போடுவோம். என்ன எழுதியிருக்கிறது என்று வாங்கிப் படித்தால், கொண்டுவந்தவரை நம்பவில்லை என்று அர்த்தமாகிவிடும்.

"இடிக்கச் சொன்னதும் நீங்க, கட்டச் சொல்றதும் நீங்க" என்றார் தலைவர். "அவரு எந்தக் கையெழுத்த நம்புவாரு?"

அந்த அம்மா வைத்த தண்ணீரைக் குடித்தேன். டம்ளரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

மகளிடம் சொல்லவில்லை. மாவுக்கட்டு பிரித்த பிறகு தினமும் அவளோடு நடந்தே பாலத்தைத் தாண்டினேன், ஓரத்தில் நான், உள்பக்கம் அவள். ஒரு வாரம் பொறுத்தாள். "எல்லாரும் சிரிக்கறாங்கம்மா. திங்கக்கிழமையிலேர்ந்து நானே சைக்கிள்ல போறேன்" என்றாள். பஸ் ரோடு வழியாகப் போகச் சொல்லலாம். அங்கே நெல் லாரிகள்.

சனிக்கிழமை மத்தியானம் வாசலில் ஒரு ஸ்கூட்டி நின்றது. இறங்கியவரை எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. "தண்ணி குடுங்கக்கா" என்று அவர் கேட்டபோதுதான் உறைத்தது. நான்கு முறை எனக்குத் தண்ணீர் கொடுத்தவர். நான் ஓட்டுப் போட்ட கவுன்சிலர். நானும் ஒரு பெண், நான்கு முறையும் டம்ளரைத்தான் பார்த்திருக்கிறேன்.

என் மகளைக் கூப்பிட்டு மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"ரெண்டு பக்கத்துப் பேச்சையும் சமையக்கட்டுலேர்ந்து கேட்டுட்டுதான் இருந்தேன். சுவர் வேணாம். இரும்புக் குழாய் சொருகி வைக்கலாம். மெஷின் வர்ற அன்னைக்குக் கழட்டிக்கட்டும், போனதும் மாட்டிடணும். தலைவர்ட்ட பேசிட்டேன். மொனகுறாரு, ஆனா சரிங்கறாரு. குழாய் வர்ற வரைக்கும் நாளைக்கே சவுக்குக் கம்பு கட்டச் சொல்லியிருக்கேன். அடுத்த கூட்டத்துல நான்தான் எழுந்து பேசப் போறேன். அதுக்கு ஒரு மனு வேணும்."

"மனு கொடுத்தோமேங்க" என்றேன்.

கைப்பையிலிருந்து அதை எடுத்தார். முதல் வரியில் விரலை வைத்தார். என் அழகான கையெழுத்தில், 'மதிப்பிற்குரிய கவுன்சிலர் ஐயா அவர்களுக்கு.'

"சங்கத்து மனுவுலயும் இதேதான் இருக்கு" என்றார். "இந்த ஐயாவை எடுத்துட்டு வேற எழுதுங்க. என் கையில குடுங்க. இந்தத் தடவையாவது எல்லாரும் படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்கக்கா."