எழாதவனுக்கு ரெண்டு உதறு

"அந்தப் பால்ல கலந்தது நான்தான்," என்று கேமராவுக்குப் பின்னாலிருந்து உதவி இயக்குநர் வாசிக்கிறார். சளி பிடித்த குரல், ஏற்ற இறக்கம் கிடையாது, மளிகைச் சீட்டை வாசிப்பதுபோல வாசிக்கிறார். அவர் "நான்தான்" என்று முடிப்பதற்குள் தொடரின் வில்லியான மூத்தவளின் உதடு "அந்தப் பால்ல" என்று தொடங்கிவிடுகிறது. ஒரு புருவம் மட்டும் ஏறுகிறது. காதில் விழுந்தது வாய்க்கு வந்துசேர அவளுக்கு அரை நொடி போதும். இடையில் மூளை என்று ஒன்று குறுக்கே வருவதில்லை. பதினோரு வருஷப் பழக்கம் அது.

வசனத்தை மனப்பாடம் செய்கிற நடிகைகளும் இருக்கிறார்கள். ஒரு நாளைக்குப் பதினெட்டுக் காட்சி எடுக்கிற இடத்தில் அவர்கள் ரொம்ப நாள் தாங்குவதில்லை. மூத்தவள் வசனத் தாளைத் தொடவே மாட்டாள். "படிச்சா யோசிப்பேன். யோசிச்சா லேட்டாகும். லேட்டானா எல்லாரும் என் மூஞ்சியவே பாப்பாங்க," என்பாள். உரக்கப் பேசவும் மாட்டாள். உதடு ஒழுங்காக அசைந்தால் போதும், குரலைப் பிறகு இன்னொருத்தி கொடுத்துவிடுவாள். தொண்டையை எதற்கு வீணாக்குவது?

தொடரில் அவள் அந்த வீட்டின் மூத்த மருமகள். இரண்டு ஓரகத்திகளுக்கு விஷம் வைத்திருக்கிறாள், மாமனார் இறங்குகிற படிக்கட்டில் எண்ணெய் ஊற்றியிருக்கிறாள். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆளில்லை. தெருவில் போனால் "மூத்தவ போறா" என்பார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது என்று அவளும் விட்டுவிட்டாள். ஒருமுறை மருந்துக் கடையில் முன்பின் தெரியாத ஒரு பெண் அவள் கையிலிருந்த சீட்டைப் பிடுங்கி, "யாரக் கொல்ல வாங்கிட்டுப் போற?" என்று கேட்டாள். "எங்கம்மாவுக்குங்க," என்றாள் மூத்தவள். அந்தப் பெண் விதிர்விதிர்த்துப்போய்ச் சீட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "மன்னிச்சுக்கங்க. அச்சு அசலா அவள மாதிரியே இருக்கீங்க. குரல்தான் வேற."

அவளுடைய சொந்தக் குரல் அடித்தொண்டையிலிருந்து வருவது, கொஞ்சம் கரகரப்பானது. முதல் நாளே இயக்குநர் அதைக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். "பாவப்பட்டவ குரலா இருக்கும்மா. வில்லிக்கு ஒத்துவராது." அன்று மூடிய தொண்டை.

அவளுக்குக் குரல் கொடுக்கிறவளை அவள் மூன்று தடவைதான் பார்த்திருக்கிறாள். ஒல்லியான, சிரித்த முகக்காரி, குரல் மட்டும் கண்ணாடிச் சில்லுபோலக் கூர்மை. இருட்டறையில் திரைக்கு முன்னால் நின்றபடி நாளெல்லாம் மூத்தவளின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவள் பிழைப்பு. முதல் சந்திப்பில் அவள் கேட்ட கேள்வியை மூத்தவள் இன்றும் சொல்லிச் சிரிப்பாள். "அக்கா, உங்களுக்குக் கீழ்வரிசையில ஒரு பல்லு ஆடுதா? ‘த’ சொல்றப்ப தெரியுது." பல் வைத்தியருக்கே அது அடுத்த மாதம்தான் தெரிந்தது. அந்தக் கண்ணாடிக் குரலில் வருகிற சாபங்களுக்குத் தெருவில் திட்டு வாங்குவது மூத்தவள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனாலும் இருவருக்கும் இடையில் ஒரு நாளும் மனத்தாங்கல் வந்ததில்லை.

மூத்தவளின் அம்மா ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவள். படுக்கை விரிப்பைத் தனி ஆளாக மடிக்க முடியாது. இரண்டு பெண்கள் எதிரெதிரே நின்று நாலு முனையையும் பிடித்து, ஒரே நேரத்தில் உதறி, ஒரே நேரத்தில் மடிக்க வேண்டும். நேரம் தப்பினால் துணி கையை விட்டுப் போய்விடும். அதற்காக ஒரு பாட்டு வைத்திருந்தார்கள்.

விரிச்சாக் கடலகலம், மடிச்சாக் கையகலம்,
யாரு படுத்த துணியோ, யாரு தொட்ட துணியோ,
எழுந்தவனுக்கு ஒரு உதறு,
எழாதவனுக்கு ரெண்டு உதறு.

பிழைத்து எழுந்து வீட்டுக்குப் போனவர் படுத்த விரிப்பை ஒரு தடவை உதறுவார்கள். எழாமலே போனவருடைய விரிப்பு வார்டிலிருந்து வரும்போதே முனையில் ஒரு முடிச்சோடு வரும். அதை இரண்டு தடவை உதறுவார்கள். முதல் உதறல் சுருக்கத்துக்கு. இரண்டாவது எதற்கென்று யாரும் சொன்னதில்லை, கேட்டதும் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் அந்தத் துணிக் குவியல்மேல் தூங்கி வளர்ந்த குழந்தை மூத்தவள்.

தொடர் தொடங்கிய வருஷமே அம்மாவின் பார்வையைச் சர்க்கரை வியாதி கொண்டுபோயிற்று. ஊரே பார்க்கிற மகளைப் பெற்றவள் ஒரு நாள்கூடப் பார்த்ததில்லை. கேட்டதும் இல்லை. "மூஞ்சி எனக்குத் தெரியாது. குரல் உன்னுது இல்ல. அப்ப தினம் ஏழரைக்கு நம்ம வீட்டுக்கு வர்றவ யாருடி?" என்று சிரித்துக்கொண்டேதான் கேட்பாள். கேட்கிற மகளுக்குச் சோறு இறங்காது.

போன வருஷம் அம்மாவின் சிறுநீரகமும் கையை விரித்தது. இனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவர வேண்டாம், ஆசைப்படுவதைச் செய்துகொடுங்கள் என்றார் டாக்டர். அம்மாவுக்கு ஆசை ஒன்றுதான். "இந்தப் பெட்டியிலேருந்து உன் குரல் வரணும். பக்கத்து வீட்டுப் பெட்டியிலயும் அதே குரல் வரணும். அப்பதான் ஊரு கேக்குதுன்னு அர்த்தம்."

"நான்தான் தினம் பாடிக் காட்டறேனே."

"வீட்டுக்குள்ள பாடினா அது தாலாட்டு. போடி."

அம்மாவுக்காகத்தான் மூத்தவள் பாட்டு எழுத உட்கார்ந்தாள். சலவைக் கூடத்து நாலு வரியை வைத்துக்கொண்டு, படப்பிடிப்புக்குப் போகிற வண்டியிலும் ஒப்பனை நாற்காலியிலுமாக மூன்று சரணம் எழுதினாள். மெட்டையும் அவளே போட்டாள். இந்த மாதிரி நாட்டுப் பாட்டுக்குக் கிட்டாரும் டிரம்மும் சேர்த்து விற்பதுதான் இப்போது வழக்கம் என்பதால், ஒரு பாட்டுக் கம்பெனி உடனே பிடித்துக்கொண்டது. நடிகையின் முதல் பாட்டு, அவளே எழுதி அவளே பாடியது என்றால் செய்திக்குச் செய்தியும் ஆயிற்று. கம்பெனி மேலாளர் மென்மையான மனிதர். "நாமெல்லாம் ஒரே குடும்பம்மா," என்று சொல்லி ஒன்பது பக்க ஒப்பந்தத்தை நீட்டினார். படிக்கிற பழக்கம் இல்லாதவள் அவர் விரலைக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள்.

வாத்தியக்காரர்கள் பாட்டைப் புரிந்துகொள்ள முதலில் யாராவது ஒருவர் மாதிரிக்குப் பாடிக்கொடுப்பது அந்தத் தொழிலில் உண்டு. அதற்கு ட்ராக் என்று பெயர். அசல் பாடகர் பாடியதும் அதை அழித்துவிடுவார்கள். மூத்தவளுக்குப் படப்பிடிப்பு இருந்த நாளில் குரல்காரியை அழைத்து ட்ராக் பாட வைத்தார்கள். பிறகு இரண்டு நாள் மூத்தவளே வந்து பாடினாள். பதினோரு வருஷமாக வீட்டுக்கு வெளியே மூடிக் கிடந்த தொண்டை முதல் நாள் மக்கர் செய்தது. இரண்டாம் நாள் கடைசிச் சரணம் ஒரே மூச்சில் வந்தது. பாடி முடித்தபோது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை.

"அந்த எழாதவன் மட்டும் கொஞ்சம் கனமா இருக்கேம்மா. ஜனங்க ஆடணுமில்ல?" என்றார் மேலாளர்.

"அந்த அடிக்காகத்தான் சார் பாட்டே."

"சரிம்மா, சரிம்மா," என்றார் அவர். இரண்டு தடவை சரி சொல்கிறவர்களை நம்பக் கூடாது என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

தொலைக்காட்சியின் ஆண்டு விழா மேடையில் பாட்டு அரங்கேறியது. பகலில் பதிவு செய்து பத்து நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பதினொன்றுக்கு ஒளிபரப்புகிற ஏற்பாடு, இவள் பாட்டோடுதான் நிகழ்ச்சி தொடங்கும். அரங்கில் நானூறு பேர், பின்னால் வெள்ளை விரிப்போடு எட்டு ஆட்டக்காரிகள். கையில் கொடுக்கிற மைக் வெறும் ஒப்புக்கு. பதிவான பாட்டு ஒலிபெருக்கியில் வரும், பாடகர் வாயசைக்க வேண்டும். அதில் அவளுக்கு என்ன கஷ்டம்? தன் குரலுக்குத் தானே வாயசைக்கப் போகிறோம் என்று முந்தின நாளெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஒலிபெருக்கியில் குரல்காரியின் குரல் வந்தது. விஷம் கலந்த, மாமனாரை வழுக்கி விழ வைத்த, ஊருக்கெல்லாம் பழக்கமான அந்தக் கண்ணாடிக் குரல், விரிச்சாக் கடலகலம் என்று பாடியது. மூத்தவளின் நெஞ்சு திக்கென்று நின்றது. வாய் நிற்கவில்லை. காதில் விழுந்ததை அரை நொடியில் வாங்கிக்கொண்டு வரிக்கு வரி அசைந்தது. எழாதவன் வர வேண்டிய இடத்தில் "என் மாமனுக்கு ரெண்டு முத்தம்" என்று வந்தது. அவள் எழுதாத வரி, கேட்டே இராத வரி. அதற்கும் உதடு குவிந்தது, சொல்லிக்கொடுக்காமலே ஒரு கண்ணும் சிமிட்டியது. அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

மேடைக்குப் பின்னால் மேலாளர் பூச்செண்டோடு நின்றார். "உங்க குரல நாலு பேருக்குப் போட்டுக் காட்டினோம்மா. மூத்தவ குரல் இப்படியா இருக்கும், யாரையோ வெச்சு ஏமாத்தறாங்கன்னு சொல்றாங்க. ஜனங்க எத உங்க குரல்னு நினைக்கறாங்களோ அதப் போட்டோம். எழுதினது, மெட்டு, குரல், எல்லாம் உங்க பேருதான்." நான் பாடிய பதிவையாவது கொடுங்கள் என்று கேட்டாள். அது கம்பெனிச் சொத்து என்றார், அதே மென்மையோடு. ஒப்பந்தத்தின் ஏழாவது பக்கத்தில் அப்படித்தான் இருந்தது. யானை வாயில் போன கரும்பு.

மறுநாள் குரல்காரி போனில் அழுதாள். "ட்ராக்குன்னுதான் சொன்னாங்கக்கா. அழிச்சிருவோம்னாங்க. அந்த முத்தத்தையும், எதுக்கும் இருக்கட்டும்னு பாட வெச்சாங்க. எம் பேரு எங்கயும் இல்ல."

"நல்லாத்தான் பாடியிருந்த."

குரல்காரி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "நீங்க வாய மூடியிருக்கலாமேக்கா. மூடியிருந்தா என் குரல் அங்கயே அம்பலமாயிருக்குமே."

மேலாளர்மேல் மூத்தவளுக்குக் கோபம் இருந்தது. தன் வாயின்மேல் இருந்தது அதைவிடப் பெரியது. அன்று படப்பிடிப்பில் உதவி இயக்குநர் வாசித்த முதல் வரிக்கு வேண்டுமென்றே உதட்டை இறுக்கி நின்று பார்த்தாள். இரண்டு நொடி தாக்குப்பிடித்தாள். அதற்குமேல் முடியவில்லை.

அம்மாவிடம் அவள் சொல்லவில்லை. விளம்பரத்தில் பாட்டு வந்துவிடக் கூடாதென்று பத்து நாளும் பெட்டி ரிப்பேர் என்று வைத்திருந்தாள். அதற்குள் அம்மா கஞ்சியையும் நிறுத்தியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் தலை வாரிவிடச் சொல்லி, தலையணையை முட்டுக்கொடுத்துச் சாய்ந்துகொண்டு, "பெட்டி சரியாயிடுச்சில்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

"ஆயிடுச்சும்மா. ஆனா ஒண்ணு, மேளம் கிட்டாரு எதுவும் இருக்காது. வெறும் குரல்தான்."

"அதான் சரி. சலவைக் கூடத்துல ஏது மேளம்?"

பதினொன்றுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது மூத்தவள் பெட்டிக்குப் பக்கத்தில், அடுத்த வீட்டைப் பார்த்திருந்த ஜன்னலைச் சாத்தினாள். தாழ்ப்பாள் உடைந்த ஜன்னல், கையை எடுத்தால் தானாகத் திறந்துகொள்ளும். இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு பெட்டியை ஒட்டிக் குந்தினாள். வலது கையால் சத்தத்தைச் சுத்தமாகக் குறைத்தாள். திரையில் வெள்ளை விரிப்புகள் விலகின, பளபளவென்று அவளே வந்து நின்றாள். தன் உதடு திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்து, திறந்ததும் பாடினாள். இது குரல்காரியின் தொழில், இவளுக்குப் பழக்கமில்லை. முதல் அடி கொஞ்சம் பிந்தித்தான் வந்தது. இரண்டாவது அடியில் பிடித்துக்கொண்டாள். அங்கே உதடு முத்தத்துக்குக் குவிந்தபோது இங்கே எழாதவனுக்கு ரெண்டு உதறு என்று முழுத் தொண்டையில் பாடினாள்.

அம்மாவின் விரல்கள் போர்வை முனையைத் தேடிப் பிடித்தன. முகம் மலர்ந்திருந்தது.

"ஜன்னலத் தொறடி," என்றாள். "பக்கத்து வீட்லயும் நீதான் பாடறியான்னு கேக்கணும்."

பதில் சொன்னால் பாட்டு நின்றுவிடும். மூத்தவள் தோளையும் சேர்த்து ஜன்னலின்மேல் அழுத்திக்கொண்டு, குரலை இன்னும் உயர்த்தி அடுத்த அடியை எடுத்தாள்.