கப்டனை வம்சாவளியிலிருந்து எடுத்த காரணம்

அப்பாவின் இந்த நினைவு மலர் கைக்கு வந்ததும் உறவினர்கள் முதலில் புரட்டுவது வம்சாவளிப் பக்கத்தைத்தான் என்பது எனக்குத் தெரியும். நம் குடும்பத்தில் யார் மறைந்தாலும் முன்னைய மலரிலிருந்து அந்தப் பக்கத்தை அப்படியே எடுத்து அச்சிடுவது வழக்கம். உச்சியில் 'கப்டன் துரை' இருப்பார். அப்பாவின் மலரில் அவர் இல்லை. காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் மூத்த மகள் நான் சொல்லத்தான் வேண்டும்.

அப்பா மன்னாரில் பூனைக்கண்ணோடு பிறந்தவர். ஊரே அவரைக் 'கப்டன்ர பேரன்' என்று அழைத்ததாம். போர் துரத்த லண்டன் வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் செய்து, பிறகு பஸ் சாரதியாகி எங்களை ஆளாக்கினார். ஊரிலிருந்து புதிதாக வந்த எத்தனையோ பேர் லண்டனின் மிச்சம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறையில் படுத்தெழும்பித்தான் வேலை தேடினார்கள். அவர்களுக்குச் சோற்றோடு கப்டனின் கதையையும் அப்பா பரிமாறுவார்.

கப்டன் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாரின் கடைசி மகன். சொத்து மூத்தவனுக்குப் போய்விட, மீசை அரும்புமுன்பே பேரரசின் படையில் சேர்ந்தார். தென்னிந்தியப் போர்களில் பெயரெடுத்துக் கப்டனானார். ஒல்லாந்தரிடமிருந்து எங்கள் கரையைப் பிடித்த படையோடு வந்து, கோட்டைக்குப் பொறுப்பாக இருந்து, எங்கள் குலப் பெண்ணை மணந்தார். எல்லா மலர்களிலும் 'மணந்தார்' என்றுதான் இருக்கிறது.

செல்வத்தோடு திரும்பி இங்கேயே இறந்த அவருடைய நினைவுக்கல், லண்டனில் ஒரு பழைய தேவாலயச் சுவரில் இருப்பதை அப்பா கண்டுபிடித்தார். வந்த விருந்தினரையெல்லாம் அங்கே கூட்டிப்போய்ப் படமெடுப்பார். யாராவது எழுத்தை வாசிக்கக் குனிந்தால், "அது பழைய இங்கிலீஷ், விளங்காது, வாங்கோ" என்று அவசரப்படுத்துவார்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"பிள்ளை, அந்தக் கல்லை ஒருக்கா வடிவா வாசி. அந்தாள் எங்கட ஊருக்கு வர முதலே இங்க கலியாணம் கட்டினவர். அங்க கட்டேல்லை. வைச்சிருந்திட்டு விட்டிட்டு வந்தவர். எனக்குக் கல்லைக் கண்ட முதல்நாளே தெரியும். என்ர மலரிலை அவரைப் போடாதேங்கோ. வெக்கமாக் கிடக்கு."

போய் வாசித்தேன். மனைவியின் பெயர் கலியாண ஆண்டோடு இருந்தது, பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. போரில் அவரைச் சுமந்து மாண்ட குதிரைக்குக்கூடப் பெயர் இருந்தது. நம் பெண்ணைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தக் கல்லைத் திட்டிக்கொண்டே வீடு திரும்பினேன்.

சித்தப்பா விடவில்லை. "கப்டனை எடுத்தா எங்களிட்ட என்ன கிடக்கு? சனம் சிரிக்கும்" என்றார்.

"அப்ப அந்த மனுசியை மேல போடுவம். சொல்லுங்கோ சித்தப்பா, அவவின்ர பேர் என்ன?"

சித்தப்பா ஊருக்கும் கனடாவுக்கும் போன் போட்டுப் பார்த்தார். ஒருவருக்கும் தெரியவில்லை. வீட்டிலிருந்த பழைய மலர்களை எடுத்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் 'கப்டனின் மனைவி' என்று மட்டுமே இருந்தது. அந்நியனின் கல்லைக் குறை சொன்ன என் வாய் அத்தோடு அடங்கியது.

வம்சாவளியின் உச்சியில் இம்முறை 'எங்கள் தாய்' என்று இருக்கிறது. அதைச் சித்தப்பாவே எழுதிக் கொடுத்தார்.

அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், திருப்பலி ஒப்புக்கொடுத்த அருட்தந்தைக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு கொண்டுவந்த அயலவருக்கும் மனமார்ந்த நன்றி. பூனைக்கண் பிள்ளையைத் தகப்பனில்லாமல், ஊர்வாய்க்கு நடுவே வளர்த்தெடுத்த அந்தத் தாய்க்கு நன்றி சொல்ல எங்களுக்கு முகமில்லை. மன்னிப்புக் கேட்கலாமென்றால், பெயரும் தெரியவில்லை.

அப்பாவின் மூத்த மகள்
மிச்சம், லண்டன்