இறக்கை உள்ளவர்கள்

கேம்பல் பே என்ற தீவுத் துறைமுகத்தின் ஜெட்டியில் கப்பலின் கயிற்றை வாங்கிக் கட்டுகிறவர் அவர். வெயிலில் கருகிய முகம், கயிறு உரசிக் காய்த்துப்போன கைகள், எப்போதும் வாய் நிறையப் பான். சுனாமிக்குப் பிறகு அரசாங்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டகையில் இருந்தார். மெயின்லாந்திலிருந்து மாற்றலாகிப் போன எனக்கும் அங்கேதான் ஓர் அறை கிடைத்தது.

கொட்டகைக்கே பொதுவாக ஒரு டிவி. சாயங்காலமானால் அதில் ஓர் இந்தித் தொடர். இறக்கை முளைத்த பறவை மனிதர்கள் இரண்டு கூட்டமாகப் பிரிந்து வானத்தில் வெட்டிக்கொள்வார்கள். கோந்து தெரிய ஒட்டிய இறக்கை, மூக்கில் மாட்டிய பிளாஸ்டிக் அலகு. பார்க்கவே எனக்குக் குமட்டும். அதைவிடக் குமட்டியது அவருடைய பழக்கம். ஒவ்வொரு சண்டை முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்து உட்காருவார். தகரச் சுவரின் அடி முழுக்கச் சிவப்பு.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "இவ்வளவு வெறுப்பா இருந்தா எதுக்கண்ணே தினம் வந்து பாக்குறீங்க?"

அப்போது திரையில், சண்டைக்குக் கீழே ஒரு கிராமம் எரிந்துகொண்டிருந்தது. அவர் அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பேகார் பசங்க, எதுக்கும் உதவாதவனுங்க. மேல பறந்து பறந்து அடிச்சுக்கிறானுங்க, கீழ சனம் சாவுது. எவனாவது ஒருத்தன் இறங்கிவந்து ஒரு பிள்ளையையாவது தூக்கிட்டு மேல போவானான்னுதான் தம்பி பாக்குறேன்."

சண்டை முடிந்ததும் எழுந்து வாசலுக்குப் போனார்.

தொடர் முடிந்த அன்று ஜெயித்த கூட்டத்தின் ராஜாவுக்கு முடி சூட்டினார்கள். கடைசிவரை ஒருவனும் கீழே இறங்கவில்லை. அவர் எழுந்திருப்பதற்கு முன்பே நான் வாசலுக்குப் போய்த் துப்பினேன்.