தேஜ்கேசரி தேய்க்கச் சொன்ன சாமி

நேபாளத்து லலித்பூரில் எங்கள் பஹால் சின்னது. நடுவில் முற்றம், மூன்று பக்கம் வீடுகள், நாலாவது பக்கம் லோகேசுவரர் கோயில். அந்த முற்றத்தில் தேஜ்கேசரியின் கைபேசிக்குத் தப்பிய பொருள் எதுவும் கிடையாது. மரத்தூணில் செதுக்கிய பெண்களின் மூக்கு, கதவுத் தாழ்ப்பாள், தண்ணீர் கொட்டும் கல் முதலை, மொட்டை மாடியில் காய்த்த பூசணி என்று எல்லாவற்றையும் படம் எடுப்பாள். எடுத்ததும் வெயில் படாமல் கையைக் குடை பிடித்துப் பார்ப்பாள். சரியில்லை என்றால் மறுபடியும். கைபேசி நிரம்பிவிட்டால் கணவர் பூர்ணகாஜியின் கைபேசி. அதுவும் நிரம்பியபோது என்னுடையதைக் கேட்டாள், கொடுத்துவிட்டேன். எனக்கு அழைக்க யார் இருக்கிறார்கள்? அவள் எனக்கு ஓரகத்தி. வாசலில் நாங்கள் இருவரும் சேர்ந்து வோ என்கிற உளுந்து அடை சுட்டு விற்கிறோம். அரைப்பதும் கல்லில் தட்டுவதும் நான், பேச்சு முழுவதும் அவளுடையது. வோவுக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பேச்சுக்கு வருகிறவர்கள்தான்.

இந்தப் படப் பைத்தியம் அவளுக்குச் சும்மா பிடிக்கவில்லை. அவள் மருமகளாக வந்த வருடமே கோயிலில் இருந்த எங்கள் தாரா தேவி சிலை களவு போனது. பஹாலில் ஒவ்வொரு வீட்டுக்கும் பூசை முறை வரும். முறை நடக்கும்வரை சாமி அந்த வீட்டின் பொறுப்பு. அப்போது முறை எங்கள் மாமனாருடையது. காவல் நிலையத்தில் முதலில் கேட்டது, "படம் இருக்கா?" என்றுதான். சாமியை யார் படம் எடுத்தார்கள்? வீடு வீடாகத் தேடியதில் தேஜ்கேசரியின் கல்யாணப் படம் ஒன்று கிடைத்தது. மணப்பெண்ணின் தலைக்குப் பின்னால் தாராவின் முழங்கை தெரிந்தது. அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு முழங்கையை வச்சுக்கிட்டு நான் எந்த ஊர்ல போய்த் தேடுறது?" என்றாராம். மாமனாரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அவர்தான் அதற்குப் பிறகு முற்றத்தின் குறுக்கே நடக்காமல், சுவரோரமாகவே நடந்து நடந்து ஒருநாள் போய்ச் சேர்ந்தார்.

மறுபடி ஒரு சாமி காணாமல் போனால் முழங்கையோடு நிற்கக் கூடாது. தேஜ்கேசரிக்கு அவ்வளவுதான் வேண்டும்.

பிரமிளா அவாலே எங்கள் கடைக்கு வோ சாப்பிடத்தான் வந்தாள். நகரத்துப் பஹால்களில் இருக்கும் சாமிகளைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து, அத்தனை படங்களையும் கணினியில் சேர்த்து, எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற மாதிரி முழு உருவமாக்கி வைக்கும் வேலை அவளுடையது. இதைக் கேட்டதும் தேஜ்கேசரி அவளிடம் காசு வாங்கவில்லை. மேலே முட்டை உடைத்து ஊற்றி இன்னொரு வோ கொடுக்கச் சொன்னாள்.

"அளவு கிளவெல்லாம் அதுல தெரியுமா தங்கச்சி?"

"மூக்கு எத்தனை அங்குலம்னு கேட்டாக்கூட சொல்லும் அக்கா. வெளிநாட்டுல எங்கயாவது ஏலத்துக்கு வந்தா, இது எங்களோடதுன்னு ஒப்பிட்டுக் காட்டலாம்."

பெரியவர்களிடம் சம்மதம் வாங்குவது எளிதாக இல்லை. எல்லாரிலும் மூத்தவர் ஹேராகாஜி, மாமனாருக்குப் பெரியப்பா மகன். கோயில் படியில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

"படம் எடுக்கிறது திருடனுக்கு முகவரி எழுதிக் குடுக்கிற மாதிரிம்மா."

"திருடனுக்கு முகவரி முன்னாடியே தெரியும் பெரிய மாமா. போலீசுக்குத்தான் தெரியல."

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். ஹேராகாஜி சிரிக்கவில்லை. ஆனால் மறுக்கவும் முடியவில்லை. குன்லா என்கிற எங்கள் மழைக்காலப் புனித மாதத்தில் ஒரு நாள் சாமியை வெளியே கொண்டுவந்து ஊருக்குக் காட்டுவோம்; அன்றைக்கு மட்டும் எடுக்கலாம் என்றார். முறையும் அப்போது பூர்ணகாஜியுடையது. விளக்கு வைப்பதற்குள் சாமி உள்ளே போய்விட வேண்டும்.

"ஏதாவது கோளாறாச்சுன்னா அதோட சரி. அடுத்த முறை எங்க வீட்டுது. கேமரான்னு ஒருத்தர் இந்தப் படி ஏறக் கூடாது" என்றார். அவர் வீட்டு முறையின்போது வேண்டாம் என்று ஆகிவிட்டால் மற்ற வீடுகளும் அவர் பேச்சைத்தான் பிடித்துக்கொள்ளும். எங்கள் பஹாலில் அப்படித்தான்.

தேஜ்கேசரி ஒத்துக்கொண்டாள். ஒத்துக்கொண்ட கையோடு ஒரு காரியம் செய்தாள். ஊர் பார்க்கப் போகிற படம், சாமி பளிச்சென்று இருக்க வேண்டாமா? முதல்நாள் மதியம் அடுப்புச் சாம்பலும் புளிப்பு லப்சிப் பழத்தின் தோலும் ஒரு கிண்ணத்தில் குழைத்துக் கணவர் கையில் கொடுத்தாள். சாமியைத் தொட முறைக்காரருக்கு மட்டும்தான் உரிமை. பெண்கள் வாசற்படியோடு சரி. எனவே தேய்த்தது பூர்ணகாஜி, தேய்க்க வைத்தது தேஜ்கேசரி.

"இடது காதுக்குப் பின்னாடி கறுப்பு இருக்கு."

"அங்க யாரு பாக்கப்போறா?"

"அதான் எல்லாப் பக்கமும் எடுக்கறாளே. தேய்ங்க."

"உங்க அப்பா வீட்டுல பாத்திரம் தேய்க்க ஆள் வேணும்னுதான் என்னைய மாப்பிள்ளையாக்கினாங்களா?"

"பாத்திரம்னா இவ்வளவு மோசமா தேய்ச்சதுக்கு எங்கம்மா திரும்ப அனுப்பியிருப்பாங்க. விரல் இடுக்கு, நிரூ அப்பா, விரல் இடுக்கு."

மாலைக்குள் லோகேசுவரர் புதுக் காசு மாதிரி மின்னினார். முற்றத்துக் குழந்தைகள் அவர் வயிற்றில் தங்கள் முகத்தைப் பார்த்து நாக்கை நீட்டின.

மறுநாள் காலை மேளக்காரர்கள் வந்து போனார்கள். பூர்ணகாஜியும் என் கணவரும் சாமியைத் தூக்கி வந்து முற்றத்துப் பீடத்தில் வைத்தார்கள். மேகம் மூடியிருந்தது, மழை இல்லை. இந்த வெளிச்சம்தான் வேண்டும் என்று வானத்தைப் பார்த்த பிரமிளா, சாமியைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டாள். தேஜ்கேசரி பெருமையோடு பக்கத்தில் நின்றாள்.

பிரமிளா சாமியைச் சுற்றி நடந்தபடியே எடுத்துக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு சுற்று, நிமிர்ந்து ஒரு சுற்று, முக்காலியில் ஏறி ஒரு சுற்று. பிறகு கோயில் படியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தாள். எல்லாரும் முதுகுக்குப் பின்னால் கூடினார்கள்.

வந்த உருவத்தைப் பார்க்க எல்லாரும் குனிந்தார்கள். தாமரைப் பீடம் அச்சு அசலாக இருந்தது. அதற்கு மேலே நெஞ்சில் பெரிய ஓட்டை. முகம், வெயிலில் வைத்த மெழுகுவத்தி போல ஒரு பக்கமாக வழிந்திருந்தது. வயிற்றில் ஏதோ சிவப்பாகத் திட்டுத் திட்டாக ஒட்டியிருந்தது.

"தெய்வம் ஒத்துக்கல" என்றார் ஹேராகாஜி. சத்தமாகச் சொல்லவில்லை, அதனால் எல்லாருக்கும் கேட்டது. "மூஞ்சியைக் குடுக்க மாட்டேன்னுட்டார். உள்ள தூக்கிட்டுப் போங்கடா."

தேஜ்கேசரியின் வாய் திறந்து மூடியது. அவள் பேச்சில்லாமல் நின்றதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. பூர்ணகாஜி சாமியிடம் போகவும் இல்லை, திரும்பவும் இல்லை; பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு நிமிசம் ஐயா" என்றாள் பிரமிளா. "சாமி ஒத்துக்கிட்டார். பளபளப்புதான் ஒத்துக்கல. ஒவ்வொரு படத்துலயும் ஒரே இடம் ஒரே மாதிரி தெரிஞ்சாத்தான் கம்ப்யூட்டரால ஒட்ட முடியும். இது கண்ணாடி மாதிரி இருக்கா, நான் நகர்ந்தா அதுல தெரியிறதும் நகருது. அந்தச் சிவப்பு பாருங்க, அது அக்காவோட சேலை."

எல்லாரும் தேஜ்கேசரியின் சேலையைப் பார்த்தார்கள்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"நேத்து வரைக்கும் இருந்த மாதிரி விட்டிருந்தா சுலபம் அக்கா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, பையிலிருந்து ஒரு ஸ்ப்ரே டப்பாவை எடுத்தாள். "இதை லேசா அடிச்சா வெள்ளையா மங்கிடும். அப்புறம் துடைச்சிடலாம்."

"மோட்டார் சைக்கிளுக்கு அடிக்கிற டப்பா" என்றார் ஹேராகாஜி. "எங்க சாமிமேலயா? எடுத்து உள்ள வை."

பிரமிளா எடுத்து உள்ளே வைத்தாள். சண்டைக்கு நிற்கவில்லை. கொஞ்சம் யோசித்து, "சரி, வழக்கமா அவர்மேல என்னதான் போடுவீங்க?" என்று கேட்டாள்.

"பூ, அட்சதை, மஞ்சள் சிந்தூரம்" என்றார் பூர்ணகாஜி. "விசேஷ நாள்னா சந்தனத் தூள்."

"தூளா, அரைச்சதா?"

"தூள்தான். மெல்லிசுத் துணியில முடிஞ்சு தட்டுவோம்."

பிரமிளா டப்பாவைப் பார்த்தாள், பிறகு ஹேராகாஜியைப் பார்த்தாள். அதற்குள் தேஜ்கேசரிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது.

"பெரிய மாமா, சந்தனம் சாத்தறதுக்கு யாரு வேணாம்னு சொல்ல முடியும்? இன்னைக்கு விசேஷ நாள்தானே?"

ஹேராகாஜி தாடையைத் தடவினார், வானத்தைப் பார்த்தார். மறுக்க ஒரு காரணம் தேடினார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சந்தனத்துக்கு எதிராக ஒரு காரணமும் கிடைக்கவில்லை போல.

"சாத்துங்க" என்றார். "விளக்கு வைக்கிறதுக்குள்ள."

பூர்ணகாஜி கை கழுவி, சந்தன முடிச்சைத் தட்டத் தொடங்கினார். நேற்று மின்னிய நெஞ்சு மங்கியது, வயிற்றிலிருந்து குழந்தைகளின் முகங்கள் மறைந்தன. தேஜ்கேசரிக்குப் பொறுக்கவில்லை.

"காதுக்குப் பின்னாடி இன்னும் மின்னுது, நிரூ அப்பா."

"நேத்து நீதானே மின்ன வைக்கச் சொன்னே."

"இன்னைக்கு மங்க வைக்கச் சொல்றேன். விரல் இடுக்கு."

"இவளைக் கட்டினதுக்கு நானே சாமியா போய் உள்ள நின்னிருக்கலாம்" என்று பூர்ணகாஜி லோகேசுவரரிடம் சொன்னார். பிரமிளா தேஜ்கேசரியைச் சேலையோடு தூரமாகப் போய் நிற்கச் சொன்னாள். அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் என் கையைப் பிடித்திருந்தது அவளுக்கே தெரியாது.

மறுபடி சுற்றுகள். தூறல் விழ ஆரம்பித்ததும் என் கணவரும் இன்னொருவரும் சாமிக்கு மேலே துணிப்பந்தலைப் பிடித்தார்கள். முடிந்தபோது விளக்கு வைக்க இன்னும் நேரம் இருந்தது. சாமி உள்ளே போனார். பிரமிளா படியில் உட்கார்ந்தாள். கணினி தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, நான் எல்லாருக்கும் அவலும் வறுத்த கறுப்பு சோயாவும் இஞ்சியும் கொடுத்தேன். பாதி பேர் கையில் வைத்துக்கொண்டு மெல்லாமல் இருந்தார்கள்.

உருவம் பீடத்திலிருந்து மேலே மேலே நிரம்பி வந்தது. இடுப்பு வந்தது. ஓட்டை இருந்த இடத்தில் நெஞ்சு வந்தது. கடைசியில் முகம், அரைக்கண் மூடி, எங்களுக்குத் தெரிந்த அதே முகம்.

"விரலை வச்சுத் திருப்பலாம் அக்கா. இந்தத் திரை தொட்டா நகரும்" என்றாள் பிரமிளா.

தேஜ்கேசரி விரலை நீட்டினாள். நீட்டியவள் பாதியில் நிறுத்தி ஹேராகாஜியைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் இந்தப் பஹாலில் எந்தப் பெண்ணும் லோகேசுவரரைத் தொட்டதில்லை. ஹேராகாஜி திரையைப் பார்த்தார், அவள் விரலைப் பார்த்தார்.

"கை கழுவினியா?"

"இல்ல."

"கழுவிட்டு வா."

அவள் ஓடினாள். கல் முதலையின் வாயில் கையை நீட்டி, சேலையில் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து, ஒற்றை விரலால் சாமியை மெதுவாகத் திருப்பினாள். பெண்களாகிய நாங்கள் அவர் முதுகை இவ்வளவு கிட்டத்தில் அன்றுதான் பார்த்தோம். கொண்டையிலிருந்து சடை சடையாக முடி தோள்வரை இறங்கியிருந்தது. இவ்வளவு முடி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

"சரி, முன்பக்கம் திருப்பு" என்றார் ஹேராகாஜி. "காலைக் காட்டு." கால் வந்ததும் குனிந்து நெற்றியை லேப்டாப்பில் வைத்தார். பிரமிளா பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்தபோது திரையில் கொஞ்சம் சிந்தூரம் ஒட்டியிருந்தது.

"இது இந்தப் பெட்டியில மட்டுமா இருக்கும்?"

"இல்ல ஐயா. வேற வேற இடத்துல வைப்போம். உங்க கையிலயும் ஒண்ணு குடுப்பேன்."

அவர் தலையை ஆட்டினார். "எங்க முறையில உள்ளேயே இருக்கிற தீபங்கர புத்தர் ரெண்டு பேரையும் வெளிய கொண்டுவரச் சொல்றேன். வந்து எடு." பிறகு பூர்ணகாஜி பக்கம் திரும்பினார். "டேய், எங்க வீட்டுக்குப் போய் மருமகள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வா. ஒருத்தரும் எதையும் தேய்க்கக் கூடாதுன்னு."

பூர்ணகாஜி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தேஜ்கேசரி அதற்குள் வெறுங்காலோடு முற்றத்தின் குறுக்கே பாதி தூரம் போய்விட்டாள்.