மீன் தொட்டிக்குள் எங்கள் வளவு

எங்கள் ஊரில் எரிமலை கிடையாது. கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வீடுகள். ஆனாலும் பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சி வந்துவிட்டால் வகுப்புக்கு வகுப்பு எரிமலைகள் முளைத்துவிடும். வெள்ளை ரெஜிபோம் அட்டையில் வெட்டி, மண்ணிறம் பூசி, உச்சியில் ஓட்டை போட்டு வைத்திருப்பார்கள். அப்பச்சோடாவைப் போட்டு வினாகிரியை ஊற்றினால் பொங்கி வழியும். எல்லாரும் கை தட்டுவார்கள். அந்த எரிமலைகளில் ஒன்றையாவது பிள்ளை செய்திருக்காது. கல்முனை பஸாரில் இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. என்ன வேண்டுமென்று சொல்லிவிட்டு வந்தால் போதும், கண்காட்சிக்கு முதல் நாள் பின்னேரம் வாப்பாமார் மோட்டார் சைக்கிளில் போய் எரிமலையை முன்னால் வைத்துக்கொண்டு வருவார்கள். செய்ய வேண்டிய பிள்ளை அந்த நேரம் டியூஷனில் இருக்கும்.

அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துப் போயிருந்தது. நான் பஸாரில் ஒரு பாமசியில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து வரும்போது கடையில் மிஞ்சும் காலிப் போத்தல், ஊசியில்லாத சிரிஞ்சி, மருந்து அளக்கும் சின்ன மூடி எல்லாவற்றையும் மகளுக்கு அள்ளிக்கொண்டு வருவேன். அவள் ஏழாம் தரம். எங்கள் குசினி முழுக்க அவளுடைய பரிசோதனைதான். முட்டையை வினாகிரியில் ஊறப் போட்டுக் கோதைக் கரைத்து, உள்ளே இருக்கும் தோல் முட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு திரிவாள். எரியும் மெழுகுதிரியைத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் தட்டில் நிறுத்தி, மேலே கிளாஸைக் கவிழ்த்து, தண்ணீர் உள்ளே ஏறுவதைக் காட்டித் தங்கச்சிமாரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவாள். குசினி நாறும். நான் ஏசுவேன். பிறகு நானும் பக்கத்தில் குந்திக்கொள்வேன்.

அந்த வருடம் அவள் எதைச் செய்யப் போகிறாள் என்பது விளங்க எங்கள் வளவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம் பேசுவார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மாவின் வளவை, வீட்டோடு சேர்ந்த அந்தத் துண்டுக் காணியை, எனக்கும் எனக்கு மூத்தவளான ராத்தாவுக்கும் இரண்டாகப் பிரித்தார்கள். ராத்தா தன் பங்கைத் தன் மகளுக்காக மறுபடியும் பிரித்தாள். ரொட்டியைப் பிய்ப்பது போலப் பிய்த்துக்கொண்டே போனால் நிலம் வளருமா? புது வீடு மேல் மாடியோடு எழும்பிவிட்டது, ஆனால் கிணற்றுக்கும் கக்கூஸ் குழிக்கும் இடம் தேடி மேசன் பாஸ் வளவைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் கிணற்றைப் பக்கத்துச் சுவரோடு வெட்டினார். குழியை வாசலில் தோண்டி, மேலே கொங்கிரீட் மூடி போட்டு, அதற்கு மேல் அழகான இன்டர்லொக் கல் பதித்து, போர்ட்டிகோ எழுப்பிவிட்டார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கட்டில் போடலாம். அதற்கு மேல் இடமில்லை.

வெட்டும்போதே நான் சொன்னேன்.

"ராத்தா, குழி கிணத்துக்குக் கிட்ட வருது. இது சரிவராது."

"அதுக்கென்ன கா, கொங்கிரீட் போட்டு மூடுறதுதானே. குடிக்கிறத்துக்குக் குழாய்த் தண்ணி இருக்கி."

"குழாயில தண்ணி வராத நாளைக்கு?"

"நீ பாமசில நிண்டு நிண்டு எல்லாத்தையும் வருத்தமாவே பாக்கிற. புள்ளைக்கிட்டயும் சொல்லிட்டன். அவளே பரவால்ல எண்டுட்டா."

ராத்தாவின் மகள் அப்போது பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள். வீட்டு வேலை நடந்த காலம் முழுக்க அவள் ஊரில் இல்லை. வாழப் போகிறவளே சம்மதித்துவிட்டாள் என்றால் நான் யார் குறுக்கே விழுவதற்கு? வாயை மூடிக்கொண்டேன். ஆனால் எங்கள் மொட்டை மாடியில் நின்று என் மகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்து வீட்டில் உடைந்த மூலையை ஒட்டி வைத்திருந்த பழைய மீன் தொட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி வந்தாள். வளவு மண்ணை அரித்துத் தொட்டிக்குள் கொட்டினாள். பிளாஸ்டிக் மருந்துப் போத்தல்கள் இரண்டின் அடியை வெட்டி, சுற்றிவர ஊசியால் ஓட்டை குத்தி, மண்ணுக்குள் புதைத்தாள். ஒன்று கிணறு, மற்றது குழி. மண் நனையும் வரை தண்ணீர் ஊற்றிவிட்டுக் கிணற்றுக்குள் பார்த்தால் தண்ணீர் ஊறி நிற்கும். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. முதல் தரம் மண்ணை இறுக்கி அமர்த்தியதால் ஒன்றும் நகரவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினாள். மேலே காட்போட்டில் வீடு செய்தாள். வீடென்றால் ஏதோ ஒரு வீடல்ல. வாசலில் நீல நிறக் கேற், மதிலோரம் முருங்கை மரம், போர்ட்டிகோவின் இரண்டு தூண்கள், எல்லாம் இருந்தன. ஊரில் யார் பார்த்தாலும் ராத்தாவின் புது வீடென்று சொல்லிவிடுவார்கள். அவள் அறிந்த ஒரே வளவு அதுதான், அதனால் அதைச் செய்தாள். அதில் ஒரு சூதும் கிடையாது.

சிவப்பு நிறம் வேண்டுமென்று பெரியும்மாவான ராத்தாவின் வீட்டிலிருந்து சர்பத் பாணியைக் கொஞ்சம் வாங்கி வந்தாள். அதைத் தண்ணீரில் கலந்து குழிக்குள் ஊற்றினாள். நான் கொடுத்த சிரிஞ்சியால் கிணற்றிலிருந்து தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே விட்டாள். "இதுதான் உம்மா மோட்டர்," என்றாள். முதலில் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. இழுக்க இழுக்க, கண்ணாடிக்குப் பின்னால் மண்ணுக்குள் ஒரு சிவப்புக் கோடு கிணற்றுப் பக்கம் நகர்ந்தது. பிறகு சிரிஞ்சிக்குள் ரோஸ் நிறத்தில் தண்ணீர் ஏறியது. அவள் கை தட்டிச் சிரித்தாள். சிரித்துவிட்டுக் காட்போட் வீட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"உம்மா, அங்கயும் இப்பிடித்தான் வருமா?"

ஓம் என்றேன். பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கண்காட்சிக்கு முந்திய நாள் ராத்தா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெரியும்மாவைக் கண்டதும் என் மகளுக்குச் சந்தோஷப் புழுகம் தாங்கவில்லை. தொட்டியை மேசைக்கு இழுத்து, குழி, கிணறு, மோட்டர் எல்லாம் காட்டி, ரோஸ் தண்ணீரையும் சிரிஞ்சியில் ஏற்றிக் காட்டினாள். ராத்தா உட்காரவேயில்லை.

"இதக் கொண்டு போப் போறாளா?"

"ஓம். ஏன்?"

"மாப்புள்ளட தங்கச்சியும் அந்தப் பள்ளிக்கூடந்தானே. அவங்கட உம்மா வருவா. நீல கேற்ற கண்டா விளங்காதா அவவுக்கு? நிகாஹ்வுக்கு நாள் வெச்சாச்சி கா. உனக்குக் கொஞ்சமாவது யோசனை இருக்கா?"

"கேற்றுக்கு வேற நிறம் அடிக்கலாம் ராத்தா. கிணத்துக்கு என்ன செய்யிற?"

ராத்தா சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டாள். கோபத்தில் போகிறாள், இரண்டு நாளில் வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் நேரே விஞ்ஞான டீச்சரின் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது.

மறுநாள் கடையில் அரை நாள் லீவு கேட்டுக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். வழமையான எரிமலைகளைத் தாண்டிப் போனால் மூலை மேசையில் என் மகளின் தொட்டி. கேற் இல்லை. போர்ட்டிகோவைப் பிய்த்து எடுத்திருந்தார்கள், பசை ஒட்டிய தடம் மண்ணில் கிடந்தது. தண்ணீர் நீல நிறத்தில் இருந்தது. மேலே அழகான எழுத்தில் "நிலத்தடி நீர் எமது செல்வம்" என்று புதிதாக ஒரு அட்டை. என் மகள் கையைக் கட்டிக்கொண்டு ஒப்புவித்துக்கொண்டிருந்தாள்: மழை நீர் இந்தக் குழியினூடாக மண்ணுக்குள் இறங்கி எமது கிணற்றை வந்தடைகிறது. பள்ளிவாசலில் குத்பா கேட்பவர்கள் போல எல்லாரும் அடக்கமாகக் கேட்டுக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்கு நடுவில் மாப்பிள்ளையின் உம்மாவும் நின்றா. "மாஷா அல்லாஹ், கெட்டிக்காரி," என்று என் மகளின் தலையைத் தடவிவிட்டா.

எனக்கு உச்சந்தலை வரை கொதித்தது. டீச்சரைத் தனியே கூப்பிட்டேன்.

"சிவப்பு எங்க டீச்சர்?"

"கோவிக்காதீங்க. உங்கட ராத்தா அழுதுகொண்டு வந்தா. ஒரு குமர்ப் புள்ளட கல்யாண விசயம்தானே. பரிசோதனை அதேதான், நிறந்தான் வேற."

"அப்ப கக்கூஸ் குழி எப்பிடி மழைக் குழி ஆன?"

"உங்கட மகளுக்குத்தான் முதலாம் இடம்," என்று சிரித்தா. அந்தச் சிரிப்பை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கடையில் வாங்கிய எரிமலைகளாவது எரிமலைகளாகவே நின்றன. சொந்தக் கையால் செய்த ஒரே பிள்ளையின் வாயால்தான் பொய்யைச் சொல்ல வைத்தார்கள், சொன்னதற்குப் பரிசும் கொடுத்தார்கள். அவதானி, பரிசோதி, முடிவை எழுது என்று வகுப்பில் கற்பிப்பதும் இவர்கள்தான். முடிவு பெரியவர்களுக்குப் பிடிக்காவிட்டால் நிறத்தை மாற்று என்பதைப் புத்தகத்தில் மட்டும் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். அதிபரின் அறைக்கும் போய்ச் சத்தம் போட்டேன். "சமூகத்துக்குள்ள பிரச்சினை வேணாமே," என்றார். குழி தோண்டும்போது அந்தச் சமூகம் எங்கே போயிருந்தது என்று கேட்டேன். தேநீர் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

ஆட்டோவில் வரும்போது மகள் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள்.

"சிவப்பு வடிவில்லையாம் உம்மா, நீலந்தான் பாக்க அழகாம்," என்றாள். பிறகு, "மழை பெஞ்சாலும் தண்ணி அப்பிடித்தானே வரும், அப்ப நான் சொன்ன பொய்யில்ல, என்ன?" என்று கேட்டாள். அவ்வளவு சீக்கிரம் தனக்கொரு சாக்குத் தேடிக்கொண்டாளே என்றுதான் எனக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார்.

அந்த நாளிலிருந்து ராத்தாவோடு நான் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் நிகாஹ்வுக்குப் போகாமல் இருக்க முடியுமா? மதில் ஒன்று, இரத்தமும் ஒன்று. போய் வேலை செய்தேன். அன்று விடிந்ததிலிருந்து குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எங்கள் வீட்டிலும் இல்லை. சமையலுக்கு வெளியிலிருந்து கலன்களில் தண்ணீர் வந்தது, அதுவும் பகல் சாப்பாட்டோடு முடிந்துவிட்டது. பின்னேரம் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் புது வீடு பார்க்க வந்தபோது போர்ட்டிகோவின் கல்லைப் பார்த்து ஆளுக்கு ஆள் புகழ்ந்தார்கள். பக்கத்துச் சுவரோரம் கிணற்று மோட்டர் ஓடும் சத்தம் எனக்குக் கேட்டது.

அறைக்குள் மணப்பெண் கட்டிலில் இருந்தாள். மாப்பிள்ளையின் உம்மாவும் சகோதரிகளும் சுற்றிவர இருந்தார்கள். ராத்தா பெரிய தட்டில் சர்பத் கொண்டு வந்தாள். கசகசா மிதக்க, ரோஸ் நிறத்தில் கிளாஸ்கள். ஆளுக்கொன்று எடுத்தார்கள். மணப்பெண்ணும் எடுத்தாள். என் மகளுக்கும் ஒன்று கிடைத்தது. அவள் அதை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"பெரியும்மா, இது எந்தத் தண்ணி?"

"என்ன தண்ணி? குழாய்த் தண்ணிதான். குடி புள்ள."

எனக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"குழாயில விடியத்துல இருந்து தண்ணி இல்ல ராத்தா."

மாப்பிள்ளையின் உம்மா சமாளிக்கப் பார்த்தா. "கிணத்துத் தண்ணியெண்டா என்ன இப்ப? நாங்களெல்லாம் கிணத்துத் தண்ணி குடிச்சி வளந்த ஆக்கள்தானே."

"கிணறு நல்லம் மாமி," என்றாள் என் மகள். இந்தத் தரம் அவள் ஒப்புவிக்கவில்லை, சாதாரணமாகச் சொன்னாள். "போர்ட்டிகோக்குக் கீழதான் கக்கூஸ் குழி இருக்கி. மோட்டர் போட்டா அந்தத் தண்ணி கிணத்துக்கு வரும். நான் செஞ்சி பாத்தன். அண்டைக்கு நீங்க பாத்த நீலம் முதல்ல சிவப்பாத்தான் இருந்த."

ராத்தா என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். நானும் அவளை அப்படியே பார்த்தேன். ஊர் வாய்க்குப் பயந்து ஒரு குழந்தையின் வாயை அடைத்தவள் அவள். எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை.

கட்டிலில் இருந்தவள்தான் முதலில் அசைந்தாள். கையிலிருந்த கிளாஸை ஒரு மிடறும் குடிக்காமல் தட்டில் திருப்பி வைத்தாள்.

"போர்ட்டிகோக்குக் கீழயா? சாச்சி, உங்களுக்குத் தெரியுமா?" என்று என்னைக் கேட்டாள்.

"உனக்கும் தெரியுமெண்டு உங்கட உம்மா சொன்னா மகள். நீயே பரவால்ல எண்டு சொன்னியாம்."

அவள் தன் உம்மாவின் பக்கம் திரும்பினாள். மாப்பிள்ளை வீட்டார் இருக்கிறார்கள் என்று குரலைத் தாழ்த்தவில்லை.

"ஊருக்கு மறைச்சீங்க, சரி. இந்தத் தண்ணியில வாழப் போறது நான்தானே உம்மா. எனக்கு ஏன் மறைச்சீங்க?"

ராத்தா தட்டைப் பிடித்தபடி நின்றாள். மாப்பிள்ளையின் உம்மா எழும்பி வந்து, பாதி குடித்த தன் கிளாஸை மணப்பெண்ணின் கிளாஸுக்குப் பக்கத்தில் வைத்தா.